கரையோரக் கடல்நீரில் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது எது?

கரையோரத்தில் அள்ளிய ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில், அதாவது ஏறக்குறைய இருபது துளிகளில், பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பது சாதாரணம். கழிமுகங்களில் இந்த எண்ணிக்கை சில மடங்கு கூடுகிறது. கரையை விட்டு விலகிச் செல்லச் செல்லக் குறைகிறது. ஆயினும் ஆண்டு முழுவதும் அளந்து பார்த்தாலும் அது ஒரு வரம்புக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. பாக்டீரியாக்களின் பெருகும் திறனோடு ஒப்பிட்டால்தான் இது எவ்வளவு வியப்பானது என்பது புரியும். ஊட்டம் நிறைந்த ஆய்வகக் கரைசலில், எஷெரிச்சியா கோலை என்னும் குடல் பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. அந்த வேகம் ஒரு நாள் முழுவதும் தடையின்றித் தொடர்வதாகக் கணக்கிட்டால் 72 தலைமுறைகள் தோன்றும். ஒரே செல்லின் வழித்தோன்றல்களின் எடை 4,000 டன்னைத் தாண்டிவிடும். கடல்நீரில் வாழும் பாக்டீரியாக்களோ நாளுக்கு ஒருமுறை, பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் பிரிகின்றன. அவற்றின் வேகத்தை இழுத்துப் பிடித்திருப்பது எது என்பதே இக்கட்டுரை விளக்க முற்படும் கேள்வி.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாக்டீரியாக்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பது ஒன்று. ஒரு நேரத்தில் நீரில் எத்தனை பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பது மற்றொன்று. வேகமாகப் பெருகும் கூட்டம் அதே வேகத்தில் இரையாகிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை மாறாமலே இருக்கும். ஆகவே எண்ணிக்கை மாறவில்லை என்பதை வைத்து வளர்ச்சி இல்லை என்று முடிவு செய்ய இயலாது. இத்துறையில் புதிதாக நுழைவோர் தடுமாறும் இடங்களில் இதுவே முதன்மையானது என்பது என் எண்ணம். பின்வரும் ஒவ்வொரு காரணியைப் பற்றிப் படிக்கும்போதும், அது பிரியும் வேகத்தைக் குறைக்கிறதா, எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டுப்படுத்தும் காரணி என்ற கருத்து வேளாண் வேதியியலில் பிறந்தது. பயிருக்குத் தேவையான சத்துகளுள் எது தேவையோடு ஒப்பிடும்போது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலை முடிவு செய்கிறது என்று கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828இல் எழுதினார். யூஸ்டுஸ் ஃபான் லீபிக் 1840களில் அதைப் பரவலாக்கினார். செங்கல் மலைபோல் குவிந்திருந்தாலும் சிமெண்ட் தீர்ந்துவிட்டால் சுவர் எழும்பாது. அதுபோலவே, கார்பன் ஏராளமாக இருந்தும் பாஸ்பரஸ் இல்லாவிட்டால் புதிய செல் உருவாகாது. இதற்கு இணையாக, ஒரு செயலின் வேகம் அதை மிகவும் தாமதப்படுத்தும் காரணியையே சார்ந்திருக்கும் என்பதை எஃப். எஃப். பிளாக்மன் 1905இல் ஒளிச்சேர்க்கையை ஆராய்ந்து விளக்கினார். பாஸ்பரஸ் போன்ற பொருள்கள் கட்டுமானப் பொருள்களாக இருப்பதால், எத்தனை செல்கள் உருவாகலாம் என்பதற்கு அவை எல்லை வகுக்கின்றன. வெப்பநிலை கட்டுமானப் பொருளன்று, அது வேகத்துக்கு மட்டுமே எல்லை வகுக்கிறது.

கடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளாதவை; நீரில் கரைந்துள்ள கரிமப் பொருள்களையே உண்டு வாழ்பவை. எனவே கார்பனிலிருந்து தொடங்குவதே முறை. கரையோர நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் அல்லது அதற்குச் சற்று அதிகமான கார்பன் கரைந்த கரிமப் பொருளாக இருக்கிறது. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில் அதே ஒரு லிட்டரில் உள்ள பாக்டீரியாக்கள் அனைத்தின் உடலிலும் உள்ள கார்பனைத் திரட்டினால் சுமார் 20 மைக்ரோகிராம்தான் தேறும். தன் உடலைப் போல ஐம்பது மடங்கு உணவு சுற்றிலும் கரைந்திருக்கும்போது, அந்த உயிர் பட்டினி கிடக்கிறது என்றால் நம்புவது கடினம். ஆனால் பெரும்பாலும் உண்மை அதுதான்.

காரணம் அந்தக் கார்பனின் தன்மையில் இருக்கிறது. கரைந்துள்ள கரிமப் பொருளில் மிகப்பெரும் பங்கு எளிதில் சிதையாதது. ஆழ்கடலில் எஞ்சியிருக்கும் கரைந்த கரிமப் பொருளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தபோது, அதன் சராசரி வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று தெரியவந்தது. எந்த நுண்ணுயிரும் அதை விரைவாகத் தின்று தீர்க்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாக்டீரியாக்கள் விரும்பி உண்பவை அமினோ அமிலங்களும் எளிய சர்க்கரைகளும்தான். அவை நீரில் சேர்ந்தவுடனேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் மிகமிகக் குறைந்த செறிவிலேயே காணப்படுகின்றன. புரதம், மாவுப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறுகள் செல் சவ்வின் வழியே உள்ளே நுழையாது. அவற்றைச் செல்லுக்கு வெளியிலேயே நொதிகளைக் கொண்டு துண்டு துண்டாக வெட்டிய பிறகுதான் உறிஞ்ச முடியும். நொதியைத் தயாரிக்கவும் ஆற்றல் தேவை. வெட்டிய துண்டுகளில் ஒரு பகுதி நீரோடு நகர்ந்து வேறொரு செல்லுக்குப் போய்ச் சேரும். நீரில் மிதக்கும் சளி போன்ற திரள்களிலும் சேற்றுத் துகள்களிலும் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாக்களுக்கு இந்த இழப்பு குறைவு. அவை பெரியனவாகவும் சுறுசுறுப்பானவையாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

எளிதில் செரிக்கும் கார்பன் கரையோரத்துக்கு முக்கியமாக நுண்பாசிகளிடமிருந்து வருகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் தாம் ஆக்கிய கார்பனில் ஒரு பகுதியைக் கசியவிடுகின்றன; அவை விலங்கு மிதவை உயிரிகளால் உண்ணப்படும்போது இன்னொரு பகுதி சிதறுகிறது; வைரஸ் தாக்கி அவற்றின் செல் வெடிக்கும்போது மேலும் ஒரு பகுதி வெளிப்படுகிறது. ஆறுகளும் கரிமப் பொருளைக் கொண்டுவருகின்றன. ஆனால் மண்ணிலும் ஆற்றிலும் நெடும்பயணம் செய்து வரும் அப்பொருளில் நல்ல பகுதியை வழியிலுள்ள நுண்ணுயிர்கள் ஏற்கெனவே உண்டு முடித்திருக்கும்.

இனி நைட்ரஜனும் பாஸ்பரஸும். நுண்பாசிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் சராசரியாக 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் ஆய்வுகள் நிலைநாட்டின. பாக்டீரியாக்கள் இவ்விகிதத்திலிருந்து மாறுபடுகின்றன. அவற்றின் செல் மிகச் சிறியது. அதில் புரதமும் நியூக்ளிக் அமிலமும் நெருக்கமாக அடைந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு ஐந்து கார்பன் அணுவுக்கும் ஏறக்குறைய ஒரு நைட்ரஜன் அணு வேண்டியிருக்கிறது. பாஸ்பரஸ் தேவையும் நுண்பாசிகளைவிட அதிகம்.

இதிலிருந்து ஒரு சிறு கணக்குப் போடலாம். இத்துறையில் மிகப் பயனுள்ள கணக்குகளில் அது ஒன்று. பாக்டீரியா தான் உண்ணும் கார்பன் முழுவதையும் உடலாக மாற்றுவதில்லை. பெரும்பகுதியைச் சுவாசித்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றிவிடுகிறது. உண்டதில் ஐந்தில் ஒரு பங்கு உடலாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கார்பன் அணுக்களை உடலில் சேர்க்க அது இருபத்தைந்து கார்பன் அணுக்களை உண்ண வேண்டும். அதற்குள் ஒரு நைட்ரஜன் அணுவும் கிடைக்க வேண்டும். உணவில் இருபத்தைந்து கார்பனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நைட்ரஜன் இருந்தால், மிஞ்சியதை அது அமோனியமாக நீரில் விட்டுவிடும். அதாவது நுண்பாசிகளுக்கு உரமிடும். உணவு வெறும் சர்க்கரையாக இருந்தாலோ, குறைபடும் நைட்ரஜனை நீரிலுள்ள அமோனியத்திலிருந்தும் நைட்ரேட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். அதாவது அதே நுண்பாசிகளோடு போட்டியிடும். உண்ணும் பொருளின் கார்பன்–நைட்ரஜன் விகிதம் மாறியதுமே, ஒரே உயிர் உரமிடுவதை விட்டுவிட்டுப் போட்டிக்கு வந்து நிற்கிறது.

பாஸ்பேட் மிகக் குறைந்த நீரில் அந்தப் போட்டி நடக்கும்போது பாக்டீரியாவுக்கே சாதகம் அதிகம். அதன் விட்டம் பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டர்தான். கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பு மிகப் பெரியது. எனவே அரிதான மூலக்கூறுகளை உறிஞ்சும் வாய்ப்பும் பெரியது. கிழக்கு மத்தியதரைக் கடலில் 2002இல் நடந்த ஒரு பரிசோதனை இதை அழகாகக் காட்டுகிறது. கரைக்கு அப்பால் திறந்த கடலின் ஒரு பகுதியில் பாஸ்பேட்டைக் கலந்தார்கள். உரம் இட்டால் பாசி செழிக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் பச்சையத்தின் அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. பாக்டீரியாக்களின் உற்பத்தியோ கூடியது. கரையோரங்களில், குறிப்பாக நைட்ரேட்டை மிகுதியாகக் கொண்டுவரும் ஆறுகளின் முகத்துவாரங்களுக்கு அருகில், நைட்ரஜன் தாராளமாக இருக்கப் பாஸ்பரஸ் பற்றாக்குறையே வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் நிலை ஏற்படுகிறது. மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆற்று நீர் பரவும் பகுதி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இரும்புப் பற்றாக்குறை பெரும்பாலும் திறந்த கடலின் சிக்கல்; நிலத்தை ஒட்டிய நீரில் மண்ணும் வண்டலும் இரும்பைத் தருவதால் அது அரிதாகவே முன்னுக்கு வருகிறது.

வெப்பநிலைக்கு வருவோம். 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது பாக்டீரியாக்களின் வளர்ச்சி வேகம் பொதுவாக இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. அந்தந்த இனத்துக்கு உகந்த வெப்பநிலையைத் தாண்டினால் வேகம் சட்டென்று சரிந்துவிடும். இவ்வளவுதான் என்றால் விஷயம் எளிது. ஆனால் வெப்பநிலை உணவோடு பின்னிக்கிடக்கிறது. குளிரில் சவ்வு இறுகுகிறது, கடத்திப் புரதங்களின் பிடிமானம் தளர்கிறது. அதனால் அதே அளவு உணவை உறிஞ்ச நீரில் அதன் செறிவு அதிகமாக இருக்க வேண்டியிருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரத்தில், நீர் உறைநிலையை ஒட்டியிருக்கும் வசந்தகாலத்தில் நுண்பாசிகள் பெருகியும் பாக்டீரியாக்களின் செயல்பாடு மிகத் தாழ்ந்திருந்ததை பாமராயும் டைபலும் 1986இல் வெளியிட்டார்கள். பிற்கால ஆய்வுகள், துருவக் கடல்களின் குளிரிலும் உணவு போதிய அளவு கிடைத்தால் பாக்டீரியாக்கள் நன்கு வளர்வதைக் காட்டின. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஷியாவும் டக்லோவும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு, குளிர்ந்த மாதங்களில் வெப்பநிலையும் கோடையில் உணவு வரத்துமே வளர்ச்சிக்கு எல்லையாக இருந்ததைக் கண்டது. கட்டுப்படுத்தும் காரணி எது என்ற கேள்விக்கு, ஒரே நீர்நிலையிலும் மாதத்துக்கு மாதம் விடை மாறுகிறது.

உப்புத்தன்மை திறந்த கரையோரத்தில் பெரிய தடையன்று. கிலோகிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள நீரில் வாழ்வதற்கே கடல் பாக்டீரியாக்கள் பழகியுள்ளன. அவற்றில் பலவற்றுக்குச் சோடியம் இன்றியமையாதது. சிக்கல் எழுவது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான். அங்கு ஆற்றிலிருந்து வரும் இனங்கள் உப்பின் அழுத்தத்தால் நீரை இழந்து தளர்கின்றன. கடலிலிருந்து வரும் இனங்கள் உப்புக் குறைவால் பாதிக்கப்படுகின்றன. சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நுண்ணுயிர்க் கூட்டத்தின் சேர்க்கையே மாறிவிடுகிறது. அமில-காரத் தன்மையைப் பொறுத்தவரை, கடல்நீர் தன் pH அளவை 8.1ஐ ஒட்டித் தக்கவைத்துக்கொள்வதால், வழக்கமான சூழ்நிலையில் அதைப் பெரிதாகக் கருத வேண்டியதில்லை.

ஆக்சிஜன் குறைந்தால் பாக்டீரியாக்கள் அழிந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அழிவது மீன்களும் நண்டுகளும்தான். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கிய நீரை ஆக்சிஜன் குன்றிய நீர் என்று வகைப்படுத்துவது வழக்கம். கோடையில் மேல்நீர் சூடாகி இலேசாகிக் கீழ்நீரோடு கலக்காமல் நிற்கும்போது, மேலிருந்து விழும் இறந்த பாசிகளை அடியிலுள்ள பாக்டீரியாக்கள் உண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதாலேயே இந்நிலை உருவாகிறது. அதன்பிறகு நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும் இனங்கள் தலையெடுக்கின்றன. நைட்ரேட்டும் தீர்ந்தால் கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் இனங்கள் தொடர்கின்றன. சல்பேட் சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே வளர்ச்சி மந்தமாகிறது, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. ஆக்சிஜன் இன்மை வளர்ச்சியை நிறுத்துவதில்லை. யார் வளர்வது, எவ்வளவு வேகமாக வளர்வது என்பதையே மாற்றுகிறது.

சூரிய ஒளியின் பங்கு இருமுகமானது. புற ஊதாக் கதிர்கள் மரபுப்பொருளில் அடுத்தடுத்துள்ள தைமின்களை ஒட்டவைத்துச் செல் பிரிவதைத் தடுக்கின்றன; பல பாக்டீரியாக்கள் நீல ஒளியின் துணையோடு இயங்கும் ஒரு நொதியால் அந்தச் சேதத்தைச் சரிசெய்துகொள்கின்றன. மறுபுறம், அதே கதிர்கள் எளிதில் சிதையாத கரிமப் பொருளை உடைத்துச் சிறு மூலக்கூறுகளாக்கி உணவாக மாற்றுகின்றன. கலங்கிய கரையோர நீரில் புற ஊதாக் கதிர் சிறிது ஆழத்திலேயே தேய்ந்துவிடுவதால், இந்த விளைவுகள் மேல்மட்டத்தோடு நின்றுவிடுகின்றன.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் வளர்ச்சி வேகத்தைப் பற்றியவை. எண்ணிக்கையைப் பிடித்து வைத்திருப்பவற்றில் முதன்மையானவை இரண்டு: பாக்டீரியாக்களை விழுங்கும் கசையிழை உயிரிகளும், அவற்றைத் தாக்கும் வைரஸ்களும். கசையிழை உயிரிகள் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள ஒற்றைச் செல் உயிர்கள். வைரஸ்கள் கடல்நீரில் பாக்டீரியாக்களைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக இருக்கின்றன. ஒரு பாக்டீரியா இனம் மிகுந்தால் அதைத் தாக்கும் வைரஸ் அதனோடு மோதும் வாய்ப்பும் மிகுகிறது. எனவே வேகமாகப் பெருகும் இனமே முதலில் அடிபடுகிறது. இறந்த செல்லிலிருந்து சிதறும் பொருள் மீண்டும் கரைந்த உணவாகிறது. அதனால் இந்த இறப்பு மற்ற பாக்டீரியாக்களின் வளர்ச்சிக்கு உதவவும் செய்கிறது.

இத்தனை காரணிகளில் இன்று, இந்த நீரில், எது தடையாக இருக்கிறது என்பதை எப்படிக் கண்டறிவது? கேட்கும் முறை எளிது. நீரை ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துளையுள்ள வடிகட்டியில் வடித்து விழுங்கும் உயிரிகளைப் பெருமளவு நீக்குகிறார்கள். வடித்த நீரைத் தூய குப்பிகளில் பிரிக்கிறார்கள். ஒன்றில் எதையும் சேர்ப்பதில்லை. மற்றவற்றில் குளுக்கோஸ், அமோனியம், பாஸ்பேட் ஆகியவற்றைத் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் சேர்த்தும் கலக்கிறார்கள். கடலின் அதே வெப்பநிலையில் இருளில் ஓரிரு நாள் வைத்து, ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் செல்களை எண்ணுகிறார்கள். அல்லது கதிரியக்கக் குறியிட்ட லியூசின் என்னும் அமினோ அமிலத்தை அவை எவ்வளவு வேகமாகப் புரதத்தில் சேர்க்கின்றன என்று அளக்கிறார்கள். பாஸ்பேட் மட்டும் சேர்த்த குப்பியில் எண்ணிக்கை இரு மடங்காகி, பாஸ்பேட்டும் குளுக்கோசும் சேர்த்த குப்பியில் ஆறு மடங்காகி, குளுக்கோஸ் மட்டும் சேர்த்த குப்பியில் மாற்றமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் முதல் தடை பாஸ்பரஸ். அது நீங்கியதும் அடுத்து வந்து நிற்கும் தடை கார்பன் என்று பொருள்.

இம்முறையின் எல்லைகளையும் மறக்கலாகாது. குப்பிக்குள் அடைத்ததே ஒரு மாற்றம். கண்ணாடிச் சுவரில் ஒட்டிப் பெருகும் இனங்கள் கடலில் சிறுபான்மையாக இருந்தவையாக இருக்கலாம். அகார் என்னும் கூழ் ஊடகம் பரப்பிய ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணுவதில் இச்சிக்கல் இன்னும் பெரிது. கடல்நீரில் உள்ள செல்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவையே வழக்கமான தட்டில் வளர்கின்றன. கடல்களில் மிக அதிகமாகக் காணப்படும் இனங்களுள் ஒன்றான பெலாகிபாக்டர், அமெரிக்காவின் ஓரிகன் கரையோர நீரிலிருந்து 2002இல்தான் வளர்த்தெடுக்கப்பட்டது. அதன் மரபணுத் தொகுதி சுமார் 13 லட்சம் டி.என்.ஏ. கார இணைகள் மட்டுமே கொண்டது. உணவு குறைந்த நீரில் மெதுவாக வாழ்வதற்கே அது அமைந்தது. ஊட்டம் மிகுந்தாலும் பெரிதாக வேகமெடுப்பதில்லை. ஆகவே குளுக்கோஸ் சேர்த்தபோது பெருகியது யார் என்று கேளாமல், கடல் முழுவதும் கார்பனுக்கு ஏங்குகிறது என்று சொல்லிவிட முடியாது.

கழிவுநீர் வழியாகக் கடலில் சேரும் குடல் பாக்டீரியாக்களில் இத்தனை தடைகளும் ஒன்றாக வேலை செய்வதைக் காணலாம். உடலின் 37 டிகிரி வெப்பத்துக்கும் நிறைந்த உணவுக்கும் பழகிய அவை, குளிர்ந்த, உப்பு மிகுந்த, உணவு அரிதான நீரில் வந்து விழுகின்றன. தெளிந்த நீரில் பகல் வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே பத்தில் ஒன்பது பங்கு வளர்திறனை இழக்கக்கூடும். இருளிலோ கலங்கிய நீரிலோ அதே இழப்புக்கு நாட்கள் ஆகும். இழந்தவற்றில் ஒரு பகுதி இறந்தவை அல்ல. தட்டில் வளராத, ஆனால் உயிருள்ள நிலைக்குச் சென்றவை என்பதை ரீட்டா கோல்வெல் குழுவினர் 1982இல் காட்டினார்கள். இதனால்தான் ஒரே கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த மாதிரி பிற்பகல் மாதிரியைவிட அதிக எண்ணிக்கையைக் காட்டுவது வழக்கமாக இருக்கிறது. நீரின் தரத்தை மதிப்பிடும் அட்டவணைகளில் மாதிரி எடுத்த நேரம், நீரின் வெப்பநிலை, உப்பளவு, கலங்கல் ஆகியவற்றையும் எண்ணிக்கையோடு சேர்த்துப் பதிவு செய்வதும் இக்காரணத்தாலேயே.